சுயாதீன இசைத்தொகுப்பின் உறையும் காணொளியும்: சிவகாசி அச்சுத்தொழில் வழியே

சுயாதீன இசைத்தொகுப்பு என்பது, திரைப்படத்தையோ பெரிய ஒலிப்பதிவு நிறுவனத்தையோ சாராமல் ஓர் இசைக்குழு தானே உருவாக்கி வெளியிடும் பாடல்களின் தொகுப்பு. இதன் உறை என்ற சொல் அட்டை, உட்தாள், கலைஞர் பெயர்ப்பட்டியல், இணையத்தில் பாடலோடு தோன்றும் முகப்புப் படம் ஆகிய அனைத்தையும் குறிக்கும். பாடலுக்கென எடுக்கப்படும் காணொளியும் இன்று உறையின் நீட்சியாகவே கருதப்படுகிறது; பெரும்பாலான கேட்பவர்கள் பாடலை முதலில் பார்ப்பது அங்கேதான்.

சிறிய குழுக்கள் உறையையும் காணொளியையும் பாடல் முடிந்த பிறகு, மீதமுள்ள பணத்தில் செய்துகொள்வது வழக்கம். பொருள் உருவாகும்போதே அதன் முகத்தையும் முடிவுசெய்யும் பழக்கம் நூறாண்டுக்கு அருகில் நிலைபெற்ற ஊர் ஒன்று தமிழ்நாட்டில் உள்ளது. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியின் லேபிள் அச்சுத்தொழில், உறை எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கும், எங்கே தவறக்கூடும் என்பதற்கும் நல்ல சான்று.

சிவகாசியில் 'ஆல்பம்'

சிவகாசி அச்சகத்தில் ஒருவர் ஆல்பம் என்று சொன்னால் அது இசையைக் குறிப்பதில்லை. அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகளைத் தொகுத்துக் கட்டிய பெரிய புத்தகத்துக்கே அங்கு அந்தப் பெயர். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்று பூசை செய்து புதிய ஆல்பத்தை வெளியிடுவது காலண்டர் உற்பத்தியாளர்களின் வழக்கம். முகவர்கள் அதை ஊர் ஊராக எடுத்துச் சென்று ஆர்டர் பிடிப்பார்கள். ஆடி முதல் மார்கழி வரை அச்சு இயந்திரங்கள் பெரும்பாலும் காலண்டர் வேலையில் இருக்கும். ஐந்நூறு அட்டை அடிக்க வரும் இசைக்குழுவுக்கு இது நடைமுறைச் செய்தி. காலண்டர் நெருக்கடி ஓய்ந்த தை, மாசி மாதங்களில் சிறிய வேலைக்கு நேரம் ஒதுக்கித் தருவது அச்சகத்துக்கு எளிது.

லேபிளுக்காக வந்த அச்சு

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. மழை குறைந்த கரிசல் பூமி, வேளாண்மையை நம்ப முடியாத மக்கள், வறண்ட காற்று ஆகியவை இத்தொழிலுக்குத் துணையாயின. பட்டாசு அதன் பின் வந்தது. அச்சுத்தொழில் இவ்விரண்டின் தேவையிலிருந்து பிறந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்குச் சுற்றுத்தாளும் பெட்டியும் வேண்டும். வெளியூரில் அச்சடித்துத் தருவிப்பதைவிட உள்ளூரில் அச்சிடுவது மலிவு. கல்லச்சில் தொடங்கிய அந்தத் தொழில் பின்னர் ஆஃப்செட்டுக்கு மாறி, காலண்டர், நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை, சுவரொட்டி என விரிந்தது. ஊருக்கு வழங்கும் 'குட்டி ஜப்பான்' என்ற பெயரை நேருவோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள்.

தீப்பெட்டி லேபிளின் அளவு ஏறத்தாழ 5 சென்டிமீட்டருக்கு 3.5 சென்டிமீட்டர். அதற்குள் படம், பெயர், தொழிற்சாலையின் ஊர், குச்சிகளின் எண்ணிக்கை எல்லாம் அடங்க வேண்டும். வாங்குபவர் பெட்டிக்கடையில் சில அடி தள்ளி நிற்பார். அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். லேபிள் செல்லும் மாநிலத்தின் மொழி வேறாகவும் இருக்கலாம். ஆகவே லேபிள் வரைந்தவர்கள் கண்டடைந்த முறை எளிமையானது: நடுவில் ஒரே ஓர் உருவம், அதைச் சுற்றித் தடித்த கோடு, பின்னால் ஒரே நிறம், சுற்றிலும் கரை. மயில், அணில், சேவல், புலி, தாமரை, விமானம், சாவி போன்றவை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் கற்பனைக் குறைவு அல்ல. அவை நிழலுருவத்திலேயே அடையாளம் தெரிபவை.

இன்றைய இசைத்தொகுப்பின் முகப்புப் படமும் இதே நெருக்கடியில்தான் இருக்கிறது. இணைய இசைத் தளங்களுக்குப் பொதுவாக 3000க்கு 3000 படப்புள்ளிகள் கொண்ட சதுரப் படம் அனுப்பப்படுகிறது. கேட்பவரின் கைபேசியில் அது பாடல் ஒலிக்கும்போது உள்ளங்கை அளவிலும், பட்டியலில் விரல் நகத்தின் அளவிலும் தெரிகிறது. பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு உறையை மனத்தில் வைத்து வரையப்படும் நுணுக்கமான ஓவியம் அங்கே ஒரு கறையாகிவிடும். ஐந்து பேர் வரிசையாக நிற்கும் குழுப் புகைப்படத்தில் ஐந்து புள்ளிகளே மிஞ்சும். வரைவுப் படத்தைத் தீப்பெட்டி லேபிள் அளவுக்கு அச்சிட்டு, சுவரில் ஒட்டி, சில அடி தள்ளி நின்று பார்ப்பது எந்த மென்பொருளும் தராத சோதனை.

படமே பெயராதல்

பட்டாசுத் தாளில் படத்தின் வேலை இன்னும் ஆழமானது. சுற்றுத்தாளில் இலட்சுமி படம் போட்ட வெடி, லட்சுமி வெடி ஆயிற்று. சிறு பறவைப் படம் கொண்டது குருவி வெடி. இப்போது இவை எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று யாரும் கேட்பதில்லை. படம் வெடியின் வகைப்பெயராகவே மாறிவிட்டது. வேறு படம் ஒட்டியிருந்தாலும் அதே கட்டு வெடியை மக்கள் லட்சுமி வெடி என்றே கேட்கிறார்கள்.

இது வெற்றி, கூடவே இழப்பும். படம் பொதுச் சொத்தானால் அதை முதலில் போட்டவருக்குத் தனி அடையாளம் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. வெடித்துச் சிதறிய இலட்சுமி படத்தை மறுநாள் தெருவில் மிதித்து நடக்க வேண்டியிருப்பது பலருக்கு உறுத்தலாக இருந்துவருகிறது. படம் ஒட்டப்படும் பொருள் இறுதியில் என்ன ஆகிறது என்பது உறை வரைபவர் எண்ணிப்பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று. இசைத்தொகுப்பின் உறை கிழிக்கப்படுவதில்லை. அதன் படம் பனியனில், சுவரொட்டியில், பிறர் செய்யும் கேலிப்படத்தில் வெட்டி ஒட்டப்படும்.

இசைத்தட்டு உறையின் வரலாற்றில்

தொடக்க கால இசைத்தட்டுகள் வெறும் பழுப்புத்தாள் உறையில் வந்தன. அமெரிக்காவின் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் 1939இல் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் வரைகலைஞரை வேலைக்குச் சேர்த்தது. 1940இல் அவர் வரைந்த ஓவிய உறையே இத்துறையின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. சிவகாசி லேபிள்கள் பெட்டிக்கடைகளில் படத்தை வைத்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது.

அட்டை வடிவமைப்பில் மிகை ஆசையின் எடுத்துக்காட்டாக அடிக்கடி கூறப்படுவது, நியூ ஆர்டர் என்ற ஆங்கிலக் குழுவின் 'ப்ளூ மண்டே' (1983). பீட்டர் சாவில் அதைக் கணினி நெகிழ்வட்டு போல, துளைகள் வெட்டிய அட்டையாக வடிவமைத்தார். துளை வெட்டும் செலவால் ஒவ்வொரு பிரதிக்கும் நட்டம் ஏற்பட்டது என்ற கதை நெடுங்காலமாக வழங்குகிறது. கதை எவ்வளவு மிகையானாலும், டை கட்டிங் செலவை விலைப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டும் என்பதில் சிவகாசி அச்சகத்தார் எவரும் உடன்படுவர்.

அச்சகத்தில்

கைபேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது. ஆஃப்செட் இயந்திரம் நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் அச்சிடுகிறது. திரையில் பளிச்சிடும் மின்நீலமும் ஒளிரும் பச்சையும் மையில் மங்கிவிடும். இதை அச்சகத்தின் தவறு என்று எண்ணிச் சண்டையிடுவது புதியவர்களின் வழக்கம். அந்த நிறம்தான் தொகுப்பின் அடையாளம் என்றால் அதற்கெனக் கலந்த தனி மையைக் கேட்கலாம். அதற்குத் தனி பிளேட்டும் கூடுதல் செலவும் ஆகும். பழைய லேபிள்கள் இரண்டு மூன்று மைகளிலேயே தம் வேலையை முடித்தன. குறைந்த பணமுள்ள குழுவுக்கு இரண்டு நிற அட்டை சிக்கனமும் அழகும் ஆகும்.

செலவின் கணக்கு எளிது. பிளேட் போடுவதும் இயந்திரத்தை நிறத்துக்குக் கொண்டுவருவதும் நூறு பிரதிக்கும் ஐயாயிரம் பிரதிக்கும் ஒன்றே. ஆகவே ஆஃப்செட்டில் பிரதி கூடக்கூட ஒன்றின் விலை குறையும். நூறு, இருநூறு மட்டும் வேண்டுமானால் டிஜிட்டல் அச்சே பொருத்தம். அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு பரவலாகப் பயன்படுகிறது. குறுவட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர். நெகிழிப் பெட்டிக்குள் வைக்கும் முன்தாளும் ஏறத்தாழ அதே அளவுச் சதுரம். வெட்டும் கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் நிறத்தை நீட்டியிருக்க வேண்டும். இல்லையெனில் கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். மடிப்புக் கோட்டின் மேல் எழுத்தை வைக்கக் கூடாது.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. குழு பயன்படுத்திய எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய எழுத்துரு முறைகளும் ஒருங்குறியும் கலந்தால் சொல்லே சிதையும். கோப்பை அனுப்புமுன் எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிவிட வேண்டும். அதன்பின் ப்ரூஃப் தாளைத் திருத்த முடியாது என்பதால், பெயர்களை ஒன்றுக்கு இருமுறை வேறு ஒருவர் படித்துப் பார்ப்பது நல்லது. வெள்ளைத்தாளை வெட்டி மடித்து ஒட்டிய டம்மி ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லும் குழு, பக்க வரிசை தலைகீழாகும் விபத்திலிருந்து தப்பும்.

ஓவியரின் பெயர்

சிவகாசி காலண்டர்களின் தெய்வப் படங்களுக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து, பின்னர் கோவில்பட்டியில் தங்கியவர். டி.எஸ். சுப்பையா உள்ளிட்ட மாணவர்கள் அவரைச் சுற்றி உருவாயினர். கோவில்பட்டியில் வரைந்து சிவகாசியில் அச்சாகிய அப்படங்கள் இந்தியாவெங்கும் சுவர்களில் தொங்கின. காலண்டர் படத்தின் மூலையில் இவர்களின் ஒப்பம் இருந்தது. கலை வரலாற்றாளர் கஜ்ரி ஜெயின் 2007இல் காலண்டர் கலை பற்றி வெளியிட்ட ஆய்வு நூலில் இவர்களைப் பற்றி எழுத முடிந்ததற்கு அந்த ஒப்பமும் ஒரு காரணம்.

தீப்பெட்டி லேபிள் வரைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. லேபிளில் நிறுவனத்தின் பெயருக்கே இடம் போதவில்லை. பெட்டி மடித்தவர், லேபிள் ஒட்டியவர் ஆகியோர் அதற்கும் கீழே. அவர்களில் பெரும் பகுதி பெண்களும் சிறுவர்களும். சலம் பென்னூர்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) என்ற ஆவணப்படம் அச்சிறுவர்களின் வேலைநாளைக் காட்டியது. சிவகாசியின் குழந்தைத் தொழில் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது அது. 'பழைய தீப்பெட்டி அழகு' என்று அதன் நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் உறைகளில் இந்த வரலாறு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

காணொளி

பட்டாசு நிலத்தில் பாடல் காணொளி எடுக்க நினைப்பவருக்கு முதலில் தோன்றுவது ஆலையின் உட்புறம்: வெள்ளி நிற மருந்து பூசிய கைகள், வண்ணத்தாள் குவியல், வெயிலில் காயும் வெடிகள். அங்கே படமெடுக்கத் திட்டமிடக் கூடாது. வெடிபொருள் விதிகள் (2008) பட்டாசு ஆலையை உரிமம் பெற்ற வெடிபொருள் வளாகமாகக் கருதுகின்றன. தீ உண்டாக்கும் பொருள்களும் கைபேசியும் உள்ளே தடை செய்யப்பட்டவை. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற வரம்பும் உண்டு. படப்பிடிப்பு இந்த வரம்புகள் அனைத்துக்கும் எதிரானது. விளக்கின் சூடு, மின்கம்பியின் பொறி, உடையில் சேரும் நிலைமின்னேற்றம், காலடியில் உரசும் மணல், கூடும் ஆட்கள் ஆகிய ஒவ்வொன்றும் மருந்துக் கலவை அருகே ஆபத்தே.

விருதுநகர் மாவட்டம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஆலை ஒன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் வந்தவர்கள். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த விபத்திலும் உயிரிழப்பு மிகுதி. இம்மாவட்டத்தில் புகை எழும் படத்தைப் பாடலுக்கு அழகாகச் சேர்க்கும் முன், அப்படம் இங்குள்ளவர்களுக்கு எதை நினைவூட்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆலைக்கு வெளியே காட்சிகளுக்குக் குறைவில்லை. அச்சகத்தின் உரிமையாளர் இசைந்தால் ஆஃப்செட் இயந்திரத்திலிருந்து தாள்கள் விழும் சீரான ஒலியும் அசைவுமே தாளத்துக்கு இணையான காட்சி. மை உலராத தாள்களில் அதே முகம் ஆயிரம் முறை வருவதைப் படமெடுக்க வேறு ஒப்பனை தேவையில்லை. உறையும் காணொளியும் ஒரே பணத்தில் முடியும் வழியும் இதுவே: குழுவின் அட்டை அச்சாகும் நாளையே படப்பிடிப்பு நாளாக்கிவிடலாம்.

இப்பகுதியின் வெயில் இன்னொரு பாத்திரம். விருதுநகர்க்காரரான வசந்தபாலன் இயக்கிய 'வெயில்' (2006), ஜி.வி. பிரகாஷ் குமாரின் முதல் படம். அதில் சிறுவர்கள் வெயிலில் திரியும் பாடல்காட்சி, பெரிய அரங்கமைப்பு இல்லாமல் நிலத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் கொண்டு ஒரு பாடலைக் காட்ட முடியும் என்பதற்குச் சான்று. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையிலிருந்து சசி இயக்கிய 'பூ' (2008), பட்டாசுத் தொழிலாளிப் பெண்ணைக் கதையின் நடுவே வைத்தது. அவள் வேலை செய்பவளாக மட்டுமன்றி ஆசை உடையவளாகவும் அதில் இருக்கிறாள். தொழிலாளர்களின் முகத்தைக் காட்ட விரும்பும் காணொளிக்கு இது நல்ல முன்னோடி. முகம் காட்டப்படுபவரிடம் ஒப்புதலை எழுத்தில் பெறுவதும், அந்த நாளின் கூலியைக் கொடுப்பதும் படப்பிடிப்புச் செலவில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

வாணவேடிக்கைக் காட்சி வேண்டுமென்றால் அதன் நிறங்களை ஒளிப்பதிவாளர் அறிந்திருப்பது உதவும். சிவப்பு ஸ்ட்ரான்சியத்திலிருந்தும், பச்சை பேரியத்திலிருந்தும், நீலம் செம்பிலிருந்தும் வருகின்றன. 2018 அக்டோபர் 23 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை உள்ளது. பழைய படங்களில் காணும் சரவெடிக் காட்சியை இன்று அப்படியே திரும்ப எடுக்க முயல்வது சட்டச் சிக்கலில் முடியும்.

உடையே உறையாவதும் உண்டு. சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கியது. அதன் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் பறை இசைப்போரும் ஒரே மாதிரியான சூட் அணிந்து மேடையேறியபோது, அம்பேத்கரை அறிந்த எவருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

பெயரும் உரிமையும்

2021 மார்ச் 7 அன்று வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' காணொளி, சுயாதீனத் தமிழ்ப் பாடல்களில் மிகப் பரவலாகப் பார்க்கப்பட்டவற்றுள் ஒன்று. தீ, அறிவு ஆகியோர் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில், அமித் கிருஷ்ணன் இயக்கத்தில் வந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் அதில் தோன்றுகிறார். அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருக்க, அறிவு இல்லாதது பெரும் விவாதமாயிற்று, பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அறிவுக்குத் தனி மின்னட்டை வெளியிடப்பட்டது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாடலிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வந்துசேரவில்லை என்று கூறினார். பாடல் எழுதியவர் யார், முகம் யாருடையது, பணம் எவர் கணக்குக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளும் உறை வரைவதற்கு முன்பே விடை காண வேண்டியவை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) இதற்குச் சில விடைகள் தருகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுப்பிக்கும் புகைப்படம், ஓவியம், திரைப்படம் ஆகியவற்றின் முதல் உரிமையாளர் எடுப்பித்தவரே. காணொளியும் இதில் அடங்கும். எனவே இசைக்குழு அறியாமல் வேறொருவர் பணம் கட்டினால் காணொளி அவருடையதாகிவிடலாம். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை விற்றுவிட்ட ஓவியருக்கும் 'இதை வரைந்தவன் நான்' என்று கோரும் உரிமை தொடர்ந்து உண்டு.

ஒலிப்பதிவின் மேலும் அதன் உறை மேலும் பதிவை உருவாக்கியவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமையாளரின் பெயரும் முகவரியும், முதல் வெளியீட்டு ஆண்டும் இடம்பெற வேண்டும் என்று அதே சட்டத்தின் 52ஏ பிரிவு கட்டாயமாக்குகிறது. இந்த வரிகளுக்கு இடம் விட்ட பிறகே படத்தை அமைக்க வேண்டும். அட்டைக்குள் இடம் மிஞ்சினால் அதில் ஓவியர், எழுத்து வடிவமைத்தவர், ஒலிக்கலவை செய்தவர், காணொளியில் முகம் காட்டியவர்கள், அச்சிட்ட அச்சகம் ஆகிய பெயர்களைச் சேர்க்கலாம். நான்கு பக்க உட்தாளுக்கு ஆகும் கூடுதல் செலவு பெரும்பாலும் லேமினேஷன் செலவைவிட அதிகமில்லை.

தீப்பெட்டி லேபிள் சேகரிப்போர் தங்கள் தொகுப்புகளை நாடு, தொழிற்சாலை, லேபிளின் பெயர் என்ற வரிசையில் அடுக்குகிறார்கள். ஓவியர் பெயரால் அடுக்கும் முறை அங்கே இல்லை. லேபிளில் அந்தப் பெயர் அச்சாகவில்லை.